கிழக்கு ஜன்னல் அறைக்கு எத்தனை ஸ்பீக்கர்

ஸ்பீக்கரம்மா ஒரு புது வீட்டுக்குள் நுழைந்தால் முதல் வேலையாகக் கை தட்டுவாள். பூசாத சுவரும், கதவில்லாத வாசல்களும், கால் வைத்த இடமெல்லாம் செங்கல் தூளுமாகக் கிடக்கும் வீட்டில் அறை அறையாகப் போய், நட்டநடுவில் நின்று ஒரே ஒரு தட்டு. தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். அறை அவளிடம் என்ன சொன்னதோ, அதைக் கரித்துண்டால் சுவரில் எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போவாள். முதல் தடவை பார்க்கிற கொத்தனார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கமுக்கமாகச் சிரிப்பார்கள். இரண்டாம் வீட்டில் அதே ஆட்கள், "அம்மா, மாடி ரூம் இன்னும் தட்டலை நீங்க" என்று ஞாபகப்படுத்துவார்கள்.

வீடு முழுக்கப் பாட்டு கேட்கும்படி செய்து கொடுப்பதுதான் அவள் தொழில். கூடத்தில் நாலு ஸ்பீக்கர், சமையலறையில் இரண்டு, படுக்கையறையில் இரண்டு, குளியலறைக்கு ஈரம் தாங்குகிற மாதிரி ஒன்று. எல்லாவற்றுக்கும் வயர் ஒரே ஒரு அலமாரியிலிருந்து கிளம்பும். அப்பா கூடத்தில் ஒன்று கேட்கலாம், பெண் தன் அறையில் வேறொன்று கேட்கலாம், ஒருவர் சத்தம் அடுத்தவர் தலையில் விழாது. கேட்கச் சுலபம். ஆனால் வயர் சுவருக்குள் ஓட வேண்டும். சுவர் பூசிவிட்டால் கதை முடிந்தது. பூச்சு முடிந்த பிறகு வந்து, "இங்க ஒண்ணு வெச்சிருக்கலாமோ?" என்று தாடையைத் தடவுகிறவர்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது.

இந்தத் தொழிலுக்கு அவள் குறுக்கு வழியாக வந்தவள். இருபத்திரண்டு வயதில் ஒரு பெரிய துணி ஆலையின் அலுவலகத்தில் மைக்கில் அறிவிக்கிற வேலை. "மூன்றாம் கேட்டுக்கு லாரி வந்திருக்கிறது", "சாயப்பட்டறை சூப்பர்வைசர் உடனே வரவும்" என்று நாள் பூரா அவள் குரல்தான். கடைசிக் கொட்டகையில் இருந்தவர்களுக்கு மட்டும் அவள் என்ன சொன்னாலும் கொர்ரென்று கேட்டது. புகார் எழுதிக் கொடுத்தாள். ஒருவரும் அசையவில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தானே ஏணியைப் போட்டு ஏறி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்பீக்கர் குழாயைத் திருப்பி வைத்துவிட்டு இறங்கினாள். மறுநாளே கடைசிக் கொட்டகைக்கும் கேட்டது. ஸ்பீக்கரம்மா என்ற பெயர் அங்கே ஒட்டியது. ஆலையை இழுத்து மூடிய பிறகும் பெயர் போகவில்லை. பெயருக்கேற்ற தொழிலைத் தேடிக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஊர் வீடுகளுக்கெல்லாம் பாட்டு வைக்கிறவளின் சொந்த வீட்டில் ஒரு ஸ்பீக்கர் கிடையாது. அவள் கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். "காலையில அறுபது பிள்ளைங்க, சாயங்காலம் அறுபது பிள்ளைங்க. வீட்டுலயும் சத்தம் வெச்சேன்னா நான் பஸ்ஸுலயே படுத்துக்குவேன்" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டார். மனுஷர் சொன்னால் செய்யக்கூடியவர்.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. இன்ஜினீயரின் வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவள் வயர் போட மாட்டாள். வரைபடத்தில் சுவர் இருக்கும், மனிதர்கள் இருக்க மாட்டார்கள் என்பாள். அதனால் வீட்டில் இருக்கப்போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுப்பாள். அதில் ஒரு நாளின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கட்டம். புது வீட்டில் அந்த மணிக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று எழுத வேண்டும். ஒருவர் எழுதுவதை இன்னொருவர் பார்க்கக்கூடாது. அவள் அதை நாள் தாள் என்பாள். பிறகு ஒரு காலை வேளையில் எல்லாரையும் கட்டி முடியாத வீட்டுக்கு வரவழைத்து, கீழே நின்று மணியைச் சொல்லுவாள். அவரவர் அந்த மணிக்குரிய இடத்தில் போய் நிற்க வேண்டும். அவள் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து, காது வரும் இடத்தைச் சுவரில் குறித்துக்கொள்வாள். இதற்கு "நிற்க வைக்கிறது" என்று பெயர். பெரிய மனிதர்களெல்லாம் இல்லாத சமையல் மேடையில் இல்லாத காய்கறியை நறுக்குவது போல நின்றிருக்கிறார்கள்.

நாள் தாளைப் படிக்கிறவளுக்கு ஒரு வீட்டைப் பற்றித் தேவைக்கு மேல் தெரிந்துவிடும். யார் யாரோடு ஒரே அறையில் இருப்பதில்லை, யார் எப்போதும் தனியாகச் சாப்பிடுகிறார் என்பதெல்லாம் கட்டம் கட்டமாக வந்துவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் அவளுக்கு இந்த ஆபத்து புரியவில்லை. ஒரு வீட்டில் டீ குடித்துக்கொண்டே, "சார் தினம் அரை மணி நேரம் வாசல்ல கார்லயே உக்காந்திருக்காரே, அங்கயும் ஒரு நல்ல ஸ்பீக்கர் மாத்திடலாமாம்மா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டுவைத்தாள். கணவர் அப்படி உட்கார்ந்திருப்பது அந்த அம்மாவுக்கு அதுவரை தெரியாது. மூன்று வாரம் அந்த வீட்டில் வேலை நின்றுபோனது. வயர் சுருள் வாசலில் மழையில் கிடந்தது. அன்றிலிருந்து ஸ்பீக்கரம்மா தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். தாளில் இருப்பது வயரில் போகலாம், வாயில் வரக்கூடாது. இருபது வருஷமாக அந்தச் சட்டத்தை மீறாமல்தான் இருந்தாள், பல் டாக்டர் வீடு வரும் வரைக்கும்.

பல் டாக்டர் தங்கமான மனிதர். பேச்சில் மட்டும் கொஞ்சம் வழவழா கொழகொழா. மனைவி கணக்கு டீச்சர், ஒரே பெண்ணுக்குப் பதினைந்து வயது. புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வரைபடத்தைப் பிரித்து மாடியில் கிழக்குப் பக்கத்து அறையைத் தொட்டுக் காட்டினார்.

"இதுதான் எனக்கு. இங்க வேற ஒண்ணும் கிடையாது. ஒரு நாற்காலி, ரெண்டு ஸ்பீக்கர், நான். உக்காந்து பாட்டு கேக்கறதுக்குன்னே ஒரு ரூம்."

ஸ்பீக்கரம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. கூடமும் சமையலறையுமாக எத்தனை வீடு செய்திருப்பாள்! வெங்காயம் வதங்குகிற சத்தத்துக்கும் டிவிக்கும் நடுவில் பாட்டு கேட்கிற வீடுகள். கேட்பதற்கென்றே ஓர் அறை, சுவரிலிருந்து தரைவிரிப்பு வரை அவள் சொல்கிறபடி, ஒருவரும் கொடுத்ததில்லை. அன்றே போய் அந்த அறையைத் தட்டினாள். அருமையான அறை. ஒரே ஒரு குறை, கிழக்குச் சுவரில் பெரிய ஜன்னல். தெருச் சத்தம் உள்ளே வரும், உள்ளே இருக்கிற சத்தம் ஓடிப்போகும்.

"ஜன்னலை அடைச்சுடணும், டாக்டர். பாதி அடைக்கிறது, கண்ணாடி போடறதெல்லாம் வேண்டாம். செங்கல் வெச்சு அடைச்சுடுங்க. அப்பதான் சத்தம் நிக்கும்."

டாக்டர் தயங்கவே இல்லை. கொத்தனார் ஜன்னல் சட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். அடைக்கிற வேலை அடுத்த திங்கட்கிழமை, அதன்பின் பூச்சு.

"நாள் தாள் எத்தனை வேணும்? வீட்டுல எத்தனை பேர்?" என்று கேட்டாள்.

"நாலு," என்றார் டாக்டர். உடனே, "இல்ல, மூணு. மூணு குடுங்க போதும்" என்றார்.

வீட்டில் எத்தனை பேர் என்று தெரியாமல் தடுமாறுகிறவர் உலகத்தில் உண்டா? உண்டு என்று அவளுக்குத் தெரியும். யாராவது வெளியூருக்குப் போவார்கள், யாராவது கல்யாணமாகிப் போவார்கள். மூன்று தாளைக் கொடுத்துவிட்டு, வந்த சந்தேகத்தை மென்று விழுங்கினாள்.

வியாழக்கிழமை கையெழுத்துப் போட்ட வரைபடத்தை வாங்க கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் உள்ளே யார் பல்லிலோ மும்முரமாக இருந்தார். கதவைத் தாண்டி அந்த மெஷின் சத்தம் கீச்சென்று வந்து பல்லைக் கூசவைத்தது. முன் மேஜையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஐம்பதை ஒட்டி வயது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருவரிடம், "உக்காருங்க, அடுத்து நீங்கதான். அஞ்சே நிமிஷம்" என்று அவள் சொன்ன விதத்தில் அந்த ஆளுக்குப் பாதி வலி குறைந்திருக்கும்.

"நீங்க ஸ்பீக்கரம்மாதானே? நான் டாக்டரோட அக்கா. எல்லாருக்கும் ஒரு தாள் குடுத்தீங்களாமே, பாப்பா சொன்னா. எனக்கு வரவே இல்லையே?" என்று சிரித்தபடி கேட்டாள்.

தலை யோசிப்பதற்குள் கை பைக்குள் போய் ஒரு தாளை எடுத்து நீட்டிவிட்டது. வேலைப் பழக்கம் அப்படி. அக்கா டோக்கனுக்கும் டோக்கனுக்கும் நடுவில், போன் அடித்தால் எடுத்துப் பேசிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை பரீட்சை எழுதுகிற சிரத்தையோடு அதை நிரப்பினாள். நிரப்பிக்கொண்டே பேசினாள். அம்மா போனபோது தம்பிக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு இருபது. அப்புறம் எல்லாம் அவள்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தம்பிக்கு ஏதாவது பரீட்சை வந்தது. "பரீட்சை முடியறதுக்குள்ள எனக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். இப்போது இருக்கிற வீட்டில் இரண்டே அறை. பதினாறு வருஷமாக அவளுக்குப் படுக்கை கூடத்தில், எல்லாரும் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போன பிறகு.

"புது வீட்டுலதான் எனக்குன்னு ஒண்ணு வருது" என்றாள் அக்கா. "சுவர் எழும்பினப்ப தம்பி கூட்டிட்டுப் போய்க் காட்டினான். இந்த ரூம்ல நல்லா வெளிச்சம் வருதுல்லக்கா, பிடிச்சிருக்கான்னு கேட்டான். பிடிக்காம என்ன?"

ஸ்பீக்கரம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். காலை ஐந்து, சமையலறை. எட்டு முதல் இரவு எட்டு வரை, கிளினிக். ஒன்பது மணிக் கட்டத்தில் மட்டும் எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தது. என் அறை, மாடி, கிழக்கு ஜன்னல்.

அந்த ஜன்னலை அடைக்கச் சொன்னது யார்? டாக்டரா சொன்னார்? அவள்தான் சொன்னாள், செங்கல் வைத்தே அடைக்கச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"உன் வேலை என்ன?"

"வயர் போடறது."

"அதைப் போடு. அக்கா தம்பிக்கு நடுவுல போய்த் தலையைக் குடுக்காதே. கார் வீட்டுக்காரங்க ஞாபகம் இல்லையா உனக்கு? வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு."

அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. அவளுக்குள்ளேயே இன்னொரு குரலும் அதைத்தான் சொன்னது, ஆனால் அந்தக் குரலின் காரணம் வேறு. அவளுக்கு அந்த அறை வேண்டும். மறைப்பானேன், ஆசையாகவே வேண்டும். தரைவிரிப்பின் நிறம் வரை மனதில் எடுத்தாகிவிட்டது. இன்னும் எத்தனை வருஷம் ஏணி ஏறப்போகிறாள்? இதைவிட்டால் இன்னொன்று வருமா? பேசாமல் இருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கணவர் கேட்டார். "அந்தம்மா இப்ப எங்க படுக்கறாங்கன்னு சொன்ன?"

"கூடத்துல."

"பதினாறு வருஷமாவா?"

அவள் தலையை ஆட்டினாள். அவர் பாத்திரங்களை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை டாக்டருக்குப் போன் செய்தாள். நாளைக் காலை நிற்க வைக்க வேண்டும், எல்லாரும் வரவேண்டும் என்றாள். அதோடு தொழில் பேச்சு மாதிரியே, "அக்கா ரூமுக்கு எத்தனை வயர் இழுக்கட்டும்?" என்று போட்டுவைத்தாள்.

மறுமுனையில் டாக்டர் நாலு தடவை தொண்டையைக் கனைத்தார். "அக்கா... அக்கா வந்து, கிளினிக் மாடியில இருக்கட்டும்னு யோசிச்சிருக்கேன். நல்ல ரூம்தான். கிளினிக் திறக்கறதுக்கும் வசதி. அவங்ககிட்ட இன்னும் சொல்லலை. சொல்லணும். நேரம் பாத்துட்டிருக்கேன். நீங்க ஏதும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

"நான் ஏன் டாக்டர் சொல்லப்போறேன்? ஆனா அவங்களும் நாளைக்கு வரணும். சமையலறையில நிக்கப்போறவங்க அவங்கதானே? அவங்க காது இல்லாம அங்க எப்படிக் குறிக்கறது?"

"கிளினிக்குல ஆள் வேணுமே..."

"நாளைக்குக் காலையில கிளினிக் லீவுன்னு போர்டுல எழுதியிருக்கு. நேத்துதான் பாத்தேன்."

"சரி, வரச் சொல்றேன்" என்றார் டாக்டர்.

சனிக்கிழமை காலை எல்லாரும் வந்தார்கள். ஸ்பீக்கரம்மா மாடிப்படிக்குக் கீழே கையில் தாள்களோடு நின்றாள். அவளால் வாய் திறக்க முடியாது, சட்டம் அவளே போட்டது. ஆனால் மணி சொல்லலாம். மணி சொல்வது அவள் வேலை. ஒன்பதைச் சொல்லாமல் எட்டோடு நிறுத்திக்கொள்ளவும் அவளால் முடியும், அதுவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"காலை ஆறு மணி!"

டீச்சர் சமையலறைக்கு ஓடினார். அக்கா அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள், இல்லாத அடுப்புக்கு முன்னால். டாக்டர் படுக்கையறைச் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்குவது போலக் கண்ணை மூடினார். பெண் குளியலறையில் போய் நின்றுகொண்டு, "இங்கதான் எனக்கு அதிக சத்தம் வேணும்" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். ஸ்பீக்கரம்மா ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துக் குறித்தாள்.

"மத்தியானம் ஒரு மணி! ஞாயித்துக்கிழமைன்னு வெச்சுக்கங்க."

மூன்று பேர் சாப்பாட்டு மேஜை வரப்போகிற இடத்தைச் சுற்றி நின்றார்கள். அக்கா மட்டும் நிற்காமல் பரிமாறுகிறவள் போலச் சுற்றிச் சுற்றி வந்தாள். எங்கே நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சாயங்காலம் ஏழு!"

டீச்சரும் பெண்ணும் கூடத்தில். டாக்டரும் அக்காவும் வாசலுக்கு வெளியே போய் நின்றார்கள், கிளினிக் என்று அர்த்தம்.

ஸ்பீக்கரம்மா தாள்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். கிழக்கு அறை ஒரு நொடி அவள் கண்ணில் வந்து நின்றது, தரைவிரிப்போடு. "ராத்திரி ஒன்பது மணி" என்றாள்.

பெண் தன் அறைக்குப் போனாள். டீச்சர் தன் அறைக்குக் கிளம்பி, பாதியில் திரும்பிக் கணவரைப் பார்த்தார். அக்கா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கைப்பிடி போடாத மாடிப்படியில் சரசரவென்று ஏறிப்போனாள். டாக்டர் அவள் போவதைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் கிடந்த கொத்தனாரின் ஸ்டூல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, மிகவும் சந்தோஷமாக, அதே மாடிப்படியில் ஏறினார். பின்னாலேயே ஸ்பீக்கரம்மா ஏறினாள்.

டாக்டர் அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே அக்கா ஜன்னலடியில் கை வைத்தபடி நின்றிருந்தாள்.

"வா தம்பி, நீயும் பாக்க வந்தியா? இங்க கட்டில். தலை இந்தப் பக்கம் வெச்சா காலையில வெயில் மூஞ்சியில விழாது. நான் ரெண்டு ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டேன்." அவள் கண் ஸ்டூலில் விழுந்தது. "இது எதுக்கு?"

டாக்டர் ஸ்டூலைக் கீழே வைத்தார். அக்கா சுவரைப் பார்த்தாள்.

"இது என்ன, பெருக்கல் குறி? போன தடவை இல்லையே. மத்த ஜன்னல்லயும் இல்லை."

டாக்டர் பதில் சொல்லட்டும் என்று ஸ்பீக்கரம்மா காத்திருந்தாள். அவர் சொல்கிற வழியாக இல்லை.

"நான்தான் போடச் சொன்னேம்மா" என்றாள். "திங்கக்கிழமை இந்த ஜன்னலை அடைக்கறதுக்கு."

"அடைக்கவா? ஏன்?"

"தெருச் சத்தம் உள்ள வரக்கூடாதுன்னு."

அக்காவின் முகம் தெளிந்தது. "அய்யோ, அதுக்கா! எனக்குச் சத்தமெல்லாம் ஒண்ணும் பண்ணாதும்மா. கூடத்துல படுத்துப் பழகினவ நான். எனக்காக நல்ல ஜன்னலைப் போய் அடைக்காதீங்க."

ஸ்பீக்கரம்மா தன் செருப்பையே பார்த்தாள். வாழ்க்கையில் இத்தனை வெட்கப்பட்டது இல்லை அவள்.

அறை வாசலிலிருந்து, பின்னாலேயே ஏறி வந்திருந்த டீச்சரின் குரல் வந்தது. "நீங்க இன்னும் அவங்ககிட்ட சொல்லவே இல்லையா? சொல்லிட்டேன், சரின்னுட்டாங்கன்னு என்கிட்ட சொன்னீங்களே!"

அப்போதுதான் அக்காவுக்குப் புரிந்தது. ஸ்டூலைப் பார்த்தாள், சாக்பீஸ் குறியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். டாக்டர் மூச்சுவிடாமல் கிளினிக் மாடியைப் பற்றிச் சொல்லி முடித்தார். சாக்கு மூட்டையிலிருந்து நெல் கொட்டுவது போல எல்லாம் ஒரே கொட்டாகக் கொட்டியது.

"கிளினிக் மாடியா?" என்றாள் அக்கா மெதுவாக. "அங்க பல் அச்செல்லாம் அடுக்கி வெச்சிருக்கே."

"அதையெல்லாம் எடுத்துடலாம்க்கா. புதுசா பெயின்ட் அடிச்சு..."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைத் தாங்க முடியாமல் டாக்டரே மேலும் பேசினார். "நாள் முழுக்க அந்த மெஷின் சத்தம்க்கா. வீட்டுக்கு வந்தும் காதை விட்டுப் போக மாட்டேங்குது. தூங்கினாலும் கேக்குது. ஒரு மணி நேரம் அது இல்லாம எங்கயாவது உக்காரணும்னுதான். வேற ஒண்ணும் இல்லை."

அவர் பொய் சொல்லவில்லை.

"எனக்கும் அதே மெஷின்தான், தம்பி" என்றாள் அக்கா. "சுவத்துக்கு இந்தப் பக்கம்."

பத்தொன்பது வருஷம் அக்கா அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்கும் என்று டாக்டருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை என்பது அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதைப் பார்க்க ஸ்பீக்கரம்மாவுக்கு அவர்மேலும் பரிதாபமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா" என்றார் டாக்டர். "எனக்கு ஒரு ரூம் வேணும்னு நீ வாயைத் திறந்து கேட்டிருந்தா, நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"கேக்கணும்னு எனக்குத் தெரியலைடா" என்றாள் அக்கா. "இருக்கும்னு நினைச்சேன்."

டாக்டர் அப்படியே அங்கே கிடந்த சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. டீச்சர் உள்ளே வரப்போய், ஏனோ வராமல் வாசலிலேயே நின்றுகொண்டார். கீழே தன் அறையில் நின்றிருந்த பெண், "அம்மா, இன்னும் ஒன்பது மணியேதானா?" என்று கத்தினாள்.

அக்கா தம்பியை அழவிட்டாள். சமாதானம் சொல்ல உடனே போகவில்லை. அவளுக்கும் கண் நிறைந்திருந்தது, ஆனால் அதைத் துடைக்கக்கூட இல்லை. நேராக நின்று பேசினாள்.

"இந்த ரூமை நான் குடுக்க மாட்டேன். இதுவரைக்கும் உன்கிட்ட நான் மாட்டேன்னு எதுக்கும் சொன்னதில்லை. இப்ப சொல்றேன்."

டாக்டர் முகத்தை மூடியபடியே தலையை ஆட்டினார். சரி என்று ஒரு முனகல் வந்தது. அப்புறம் கையை எடுத்துவிட்டு, கேட்கும்படியாகவே, "சரிக்கா" என்றார்.

கீழேயிருந்து கொத்தனார் குரல் கொடுத்தார். "ஸ்பீக்கரம்மா! ஜன்னலுக்குச் செங்கல் இன்னிக்கே மேல ஏத்தி வெச்சுடட்டுமா?"

"வேண்டாம்!" என்று கத்தினாள் ஸ்பீக்கரம்மா. "அடைக்கலை. ஜன்னல் இருக்கட்டும்!" சொல்லி முடித்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று பொத்தென்று விழுந்தது. இருபது வருஷம் காத்திருந்த அறை போயே போனது. கொஞ்சம் வலித்தது. வலிக்கவில்லை என்று அவள் யாரிடமும் பொய் சொல்லப்போவதில்லை, கணவரிடம்கூட. கையிலிருந்த வரைபடத்தில் "இசை அறை" என்ற எழுத்தை அடித்து, மேலே "அக்கா" என்று எழுதினாள்.

"இந்த ரூமுக்கு எத்தனை ஸ்பீக்கர் வைக்கட்டும்மா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அக்கா. பிறகுதான் தம்பியிடம் போனாள். அவர் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, பின்பக்கம் ஒட்டியிருந்த சிமென்ட்டைப் பட்பட்டென்று தட்டிவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவள் மாதிரி சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"வா, கீழ போலாம்" என்றாள். "இவ்வளவு பெரிய வீட்டுல உனக்கு ஒரு இடம் இல்லாமலா போகும்? பாப்போம் வா."